மூடிக்குள் ஈரம்

இஞ்சினுக்குத் தண்ணீர் அடித்தார். வண்டி கிளம்பவில்லை. மனைவி செத்துப்போனாள்.

நடந்தது இவ்வளவுதான்.

அவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பத்துநாலு வருஷம் கம்பத்தோடும் கம்பியோடும் காலம் தள்ளியவர். ஈரக்கையால் சுவிட்சைத் தொடாதே என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் இன்ஸ்பெக்டர்; ஆவுடையப்பன் என்ற சொந்தப் பெயர் யார் வாயிலும் வந்ததில்லை.

ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவினார். தொண்ணூற்றேழு மாடல், வெள்ளை, சின்னக் கார். புதிதாக ஒரு பிரஷர் பம்பு வாங்கியிருந்தார். வெளியே கழுவியவர் பானெட்டைத் திறந்து உள்ளேயும் அடித்தார். எத்தனையோ வருஷத்துக் கரி. போகப் போக அவருக்கு வெறி ஏறிவிட்டது. இரும்பு வெளுக்கிற வரை அடித்தார்.

பிறகு சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. பூஜை போட்டாயிற்று.

பூஜை போட்ட கருவியை மறுநாள் விஜயதசமி வரை எடுப்பதில்லை. அரிவாளானாலும் சரி, காரானாலும் சரி. அந்த வீட்டு வழக்கம் அது. பல வீட்டிலும் அப்படித்தான்.

மறுநாள் விடிகிற நேரம் மனைவி கோமதிக்கு நெஞ்சுவலி. பின்சீட்டில் ஏற்றினார். சாவியைத் திருப்பினார். கர் கர் என்றது. மறுபடியும் திருப்பினார். பேட்டரி இறங்குகிற வரை திருப்பிக்கொண்டே இருந்தார்.

ஆம்புலன்ஸ் வந்தபோது அதற்கு வேலை இல்லை.

ஆஸ்பத்திரி நாலு கிலோமீட்டர்.

*

டாக்டர், "கொண்டுவந்திருந்தாலும் சொல்ல முடியாது" என்றார்.

பூனாவிலிருந்து வந்த மகன், "விடுங்கப்பா" என்றான்.

பதினாறாம் நாள் வந்த ஐயர், "அவ்வளவுதான் எழுதியிருக்கு" என்றார்.

மெக்கானிக், "பேட்டரி வீக் சார். நீங்க கழுவுனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றான். பானெட்டைத் திறக்காமலே சொன்னான்.

எல்லோரும் நல்லவர்கள். ஒருவர் சொன்னதையும் அவர் நம்பவில்லை.

வண்டியை ஷெட்டில் தள்ளிப் பூட்டினார். பதினொரு மாதம் யாரையும் தொடவிடவில்லை. மாலையைக்கூட எடுக்கவில்லை. சாப்பாடு ஒரு வேளையாகக் குறைந்தது. அப்புறம் அதுவும் இஷ்டத்துக்கு.

வாரத்துக்கு ஒருமுறை மெக்கானிக்கிடம் போவார். அதே கேள்வி. அவன் அதே பதில். ஒருநாள் அவனுக்குச் சலித்துப்போயிற்று.

"சார், பைபாஸ்ல பேச்சித்தாய்னு ஒரு பொம்பள வாட்டர் சர்வீஸ் வச்சிருக்கா. இருபது வருஷமா இஞ்சினுக்குத் தண்ணி அடிக்கா. அவ கைபட்டு ஒரு வண்டி நின்னதில்ல. அங்க போய்க் கேளுங்க. என்னை விடுங்க."

போனார்.

*

லோடு ஆட்டோவின் பின்னால் கயிறு கட்டி வண்டியை இழுத்துவந்தார்.

பேச்சித்தாய்க்கு நாற்பது வயசு இருக்கும். அவரைவிட இருபது வயசு சின்னவள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. நாளெல்லாம் தண்ணீரில் நின்று பாதம் இரண்டும் வெளுத்துக் கிடந்தன.

"ஒண்ணு தெரியணும்," என்றார்.

"கேளுங்க அண்ணாச்சி."

"அவ என்னாலதான் செத்தாளா?"

பேச்சித்தாய் கயிற்றைப் பார்த்தாள். கயிற்றின் முனையில் நின்ற வண்டியைப் பார்த்தாள். காய்ந்த மாலையைப் பார்த்தாள்.

"யாரு?"

சொன்னார். பம்பிலிருந்து ஆம்புலன்ஸ் வரை சொன்னார். முடித்ததும் கேட்டாள்.

"பானெட்டத் தொறந்து யாராச்சும் பாத்தாங்களா?"

"நான் வண்டியப் பத்திக் கேக்கல."

"எனக்கு வண்டி மட்டுந்தான் தெரியும்."

"சொல்ல முடியுமா, முடியாதா?"

"இத்தன அழுக்குக்குள்ள என்ன தெரியும்? கழுவணும்."

"கழுவித்தானம்மா இப்படி ஆச்சு."

"அது சரி," என்றாள். ஒரு பக்கெட்டைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள்.

"நானா?"

"பெறகு? கேள்வி கேட்டது நானா?"

*

"முதல்ல அந்த மாலைய எடுங்க."

"பூஜை மாலை."

"பதினொரு மாசமாச்சு. சாமி எப்பவோ எறங்கிப் போயிருக்கும்."

தொட்டார். பொடிப்பொடியாக உதிர்ந்தது. பாதி காற்றில் போயிற்று. பாதி வைப்பர் கட்டைக்குக் கீழே இருந்த பள்ளத்தில் விழுந்தது. ஏற்கெனவே அங்கே நிறைய விழுந்து மக்கிக் கிடந்தது.

பேச்சித்தாய் ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைக் கொடுத்தாள்.

"அதுக்குக் கீழ தண்ணி வடியுற ஓட்டை இருக்கு. பூவு அடைச்சிருக்கு. எடுங்க."

"ஓஸ்ல அடிச்சா போயிராதா?"

"போகும். உள்ள போகும்."

ஒவ்வொரு இதழாக எடுத்தார். மத்தியானம் ஆயிற்று.

பானெட்டில் மூன்று சந்தனப் பொட்டு. கழுவினார். சந்தனம் போயிற்று. பொட்டு போகவில்லை. வெயிலில் வெந்து, பெயின்டோடு பெயின்டாக மஞ்சளாய் நின்றது. தேய்த்தார். சாயங்காலம் வரை அந்த மூன்றையும் தேய்த்தார்.

"விடுங்க. அது போகாது."

"போகணும்."

"இன்னும் தேச்சா பெயின்ட் வரும். அதுக்குக் கீழ தகரம். தகரத்துக்குக் கீழ ஒண்ணுங் கெடையாது."

துணி கை நழுவித் தரையில் விழுந்தது. எடுத்து உதறி மறுபடி தேய்க்கப் போனார். அவள் அதைப் பிடுங்கித் தூர எறிந்தாள். வேறு துணி கொடுத்தாள்.

"கீழ விழுந்த துணியில மண்ணு ஏறிரும். தொடைக்கேன் தொடைக்கேன்னு கீறிக்கிட்டே இருப்பீங்க."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"நாளைக்கு உள்பக்கம்," என்றாள்.

*

இரண்டாம் நாள் மிதியடிகளை எடுத்து வெயிலில் போட்டார். சீட் இடுக்குகளில் பிரஷ் விட்டார். கதவின் ரப்பர் பட்டியை விரித்து விரித்துத் துடைத்தார். கை சுத்தமான கை. வேலை தெரிந்த மனிதர். பேச்சித்தாய் குறை சொல்ல இடம் வைக்கவில்லை.

பக்கத்தில் ஒரு லாரி வந்து நின்றது. சந்தனமாரி. வாரா வாரம் லாரி கழுவ வருகிற டிரைவர். வாய் சும்மா இருக்காது.

"என்ன பேச்சி, புது ஆளு சேத்திருக்க போல?"

அவள் ஓஸை லாரிப் பக்கம் இழுத்தாள்.

"அண்ணாச்சி, நீங்க கழுவுற வேகத்தப் பாத்தா என் லாரி பொங்கலுக்குத்தான் வெளிய வரும். முன்ன என்ன வேல பாத்தீங்க?"

"கரண்டு."

"அதான பாத்தேன். தண்ணியக் கண்டா இவ்வளவு பயந்து பயந்து தொடுதீங்களேன்னு."

இன்ஸ்பெக்டர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். ரோட்டோரம் நின்றார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ரொம்ப நேரம் நின்றார். ஒரு லாரி வரும்போது ஒரு அடி முன்னால் வைத்தார். லாரி போயிற்று. காலை எடுத்துக்கொண்டார்.

பேச்சித்தாய் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி. பின்சீட்டு பாக்கி இருக்கு," என்றாள்.

வந்தார்.

பின்சீட்டின் இடதுபக்கத்தை மட்டும் அவர் தொடவில்லை. அது கோமதி உட்காருகிற இடம். சீட்டுக்குக் கீழே மணல். கொஞ்சமல்ல, இரண்டு கை மணல்.

"திருச்செந்தூர் மணல்," என்றார். "மூணு வருஷம் முன்ன போனோம். அவ செருப்புல வந்தது."

"கொட்டுங்க."

கொட்டவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கொட்டுங்க அண்ணாச்சி. கடல்ல நெறையக் கெடக்கு."

அவருக்குக் கோபம் வந்தது. "நீ என்ன கல்லா?"

"மணல் ஈரத்த இழுக்கும். ஈரம் தரைத் தகரத்தத் திங்கும். இன்னும் ரெண்டு வருஷம் இருந்தா ஓட்டை விழும். சீட்டோட சேந்து கீழ போவீங்க. பரவால்லன்னா வச்சுக்கோங்க."

வாசலில் கொட்டினார். அது மற்ற மண்ணோடு கலந்துபோயிற்று. எது எது என்று தெரியவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு இடதுபக்க சீட்டையும் துடைத்தார்.

"பதில்?"

"நாளைக்கு இஞ்சின்."

*

மூன்றாம் நாள் பானெட்டைத் திறந்தார்கள்.

பதினொரு மாதத்துக்கு முன் வெளுத்த இடமெல்லாம் துரு. கழுவாமல் விட்டிருந்தால் இருந்திருக்கக்கூடிய கரியைவிட மோசம். பல்லி முட்டை ஓடு இருந்தது. ஒரு ஓணான் காய்ந்து கிடந்தது.

பேச்சித்தாய் நாலைந்து பிளாஸ்டிக் கவரும் சணலும் கொடுத்தாள்.

"தண்ணி படக்கூடாத எடமெல்லாம் கட்டுங்க. எது எதுன்னு சொல்லணுமா?"

"தெரியும்."

பேட்டரி ஒயரைக் கழற்றினார். ஏர் ஃபில்டர் வாயைக் கட்டினார். டைனமோவைக் கட்டினார். கடைசியாக டிஸ்ட்ரிபியூட்டர். நாலு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற உருண்டை. மேலே ஒரு கறுப்பு மூடி. அதில் கை வைத்ததும் நின்றுவிட்டார்.

"கட்டுறதுக்கு முன்ன கழட்டிப் பாருங்க," என்றாள்.

"நீ கழட்டு."

"பதினொரு மாசமா பதில் தேடி அலையுதது நீங்க."

கிளிப்பை நெம்பினார். மூடி வந்தது. திருப்பினார்.

உள்ளே செம்புக் களிம்பு பச்சையாகப் பூத்திருந்தது. நாலு முனையிலும். நடுவில் வெள்ளையாக ஒரு கோடு. தண்ணீர் நின்று வற்றிய கோடு. மின்வாரியத்தில் முப்பத்துநாலு வருஷம் அந்தப் பச்சையைப் பார்த்தவர்.

"தண்ணியா?" என்றார்.

"தண்ணிதான்."

"பேட்டரி வீக்குன்னு சொன்னான்."

"பாவம் பாத்துச் சொல்லியிருப்பான்."

"நான் அடிச்ச தண்ணியா?"

"வேற யாரும் அடிச்சாங்களா?"

"இல்ல."

"அப்ப நீங்கதான்."

அவர் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். பேச்சித்தாய் தன் வேலையைப் பார்த்தாள். ஒரு ஆட்டோ வந்தது. கழுவினாள். அது போயிற்று.

இன்ஸ்பெக்டர் தலையை நிமிர்த்தினார்.

"டீ கிடைக்குமா?"

எதிரே டீக்கடை. டீயும் இரண்டு பன்னும் வந்தன. இரண்டையும் தின்றார். பசியோடு தின்றார்.

"ஒருத்தரும் சொல்லல," என்றார். "பதினொரு மாசத்துல ஒருத்தரும் நீதான்னு சொல்லல."

பேச்சித்தாய் அவர் எதிரே குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா அண்ணாச்சி?"

"கேளு."

"நானும் கவரு கட்டுதேன். கட்டியும் ஒவ்வொண்ணுல சொட்டு எறங்கத்தான் செய்யும். தண்ணி போகாத இஞ்சினே கெடையாது. அதனாலதான் கழுவுனதும் காத்தடிச்சு, கிளப்பி, அரைமணி நேரம் ஓட விடுவேன். அந்தச் சூட்டுல காஞ்சிரும். இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் ஓட விடல?"

"பூஜை போட்டாச்சு."

"கழுவுன கையோட ஓட விட்டுட்டுல்ல பூஜை போடணும்?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்தார். வண்டியைத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.

*

நாலாம் நாள் வரவில்லை.

பானெட் திறந்தபடி கிடந்தது. பேச்சித்தாய் அதை மூடவில்லை. மேலே ஒரு தார்ப்பாயை மட்டும் போட்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் வந்தார். சவரம் செய்யவில்லை. தூங்கிய முகமும் இல்லை. வந்தவர் உட்காரவில்லை.

"சாவியப் போட்டேன்," என்றார். "ஓட விடத்தான் போட்டேன். அவ வந்து கையப் பிடிச்சா. முன்னமே பொட்டு வச்சுட்டா. நான் கவனிக்கல. 'பூஜை போட்ட வண்டி. நாளைக்கு எடுங்க'ன்னா. ஈரம் நிக்கும்டின்னேன். 'ஒரு நாள்ல என்ன ஆயிரும்'னா."

பேச்சித்தாய் தார்ப்பாயை இழுத்து எடுத்தாள்.

"சாவிய எடுத்துட்டேன்."

"இத மகன்ட்ட சொன்னீங்களா?"

"யாருட்டயும் சொல்லல. செத்தவமேல எப்படிப் பழி போடுறது? ஆனா மனசு போடுது. ஒவ்வொரு நாளும் போடுது. படத்துக்கு விளக்கேத்தும்போது போடுது. நீதானடி தடுத்தேன்னு அவளக் கேக்குது. அடுத்த நிமிஷம், தண்ணி அடிச்சவன் நீதானடான்னு கேக்குது. ரெண்டுக்கும் நடுவுல கெடந்து—"

நிறுத்தினார். பிறகு கேட்டார்.

"நீ நியாயம் சொல்லு. நானா, அவளா?"

"இஞ்சின முடிங்க," என்றாள் பேச்சித்தாய்.

*

முடித்தார்.

கவர் கட்டினார். டீசலும் பெயின்ட் பிரஷ்ஷுமாகத் துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுத்தார். பம்பைத் தொடவில்லை. பேச்சித்தாய் மக்கில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். கையளவு கையளவாக ஊற்றிக் கழுவினார். காற்று அடித்தார். மூடிக்குள்ளிருந்த பச்சையை உப்புத்தாள் வைத்துச் சுரண்டினார். முனைகள் நாலும் செம்புநிறம் காட்டின. மூடினார். பேச்சித்தாய் தன்னிடமிருந்த பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினாள். பழைய பெட்ரோலை வடித்துப் புதிது ஊற்றினார்கள்.

சாவியைத் திருப்பினார்.

இருமியது. நின்றது. மறுபடி திருப்பினார். இருமியது. கறுப்பாகப் புகை வந்தது. பிடித்துக்கொண்டது.

பதினொரு மாதத்துக்குப் பிறகு அந்த வண்டி ஓடியது.

அவர் இறங்கி வந்து பானெட்டுக்கு முன் நின்றார். உள்ளே எல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் சந்தோஷம் என்று ஒன்றும் இல்லை.

பேச்சித்தாய் பக்கெட்டில் மக்கை முக்கினாள். வந்தாள். டிஸ்ட்ரிபியூட்டரின் மேலே ஊற்றினாள். ஒரு மக். இரண்டாவது மக்.

வண்டி இரண்டு உதறு உதறியது. நின்றது.

அவருக்கு நல்ல வார்த்தை வரவில்லை. "ஏய், உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? நீயெல்லாம் ஒரு பொம்பளையா? அஞ்சு நாள். அஞ்சு நாளா நான்—"

"தொடைங்க," என்றாள்.

காய்ந்த துணியை நீட்டினாள்.

அவர் பிடுங்கினார். கிளிப்பை நெம்பினார். மூடியைக் கவிழ்த்தார். தண்ணீர் கொட்டியது. துடைத்தார். ஒவ்வொரு முனையையும் துணி நுனியை முறுக்கித் துடைத்தார். ஒயர்களை ஒவ்வொன்றாக உருவித் துடைத்தார். பிளக்குகளின் குழியில் துணியை விட்டு ஒற்றி எடுத்தார். இந்தக் கைகளுக்கு இது புதிதல்ல. மழையில், கம்பத்தின் மேல், ஆயிரம் தடவை செய்த வேலை. மூடினார். உள்ளே ஏறிச் சாவியைத் திருப்பினார்.

கிளம்பிற்று.

பேச்சித்தாய் ஜன்னலருகே வந்தாள்.

"நானா அவளான்னு கேட்டீங்க."

"ஆமா."

"இப்ப ஊத்துனது நான். யாரு ஊத்துனதுன்னு துணி கேட்டுச்சா?"

அவர் கையிலிருந்த துணியைப் பார்த்தார். நனைந்து அழுக்காக இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. துணியிலிருந்து கண்ணை எடுத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். முகம் போன போக்கை என்னவென்று சொல்ல.

"எவ்வளவு நேரம்?" என்றார்.

பேச்சித்தாய் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொண்டாள். மழுப்பவில்லை.

"பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷம்."

"ஆமா."

"அன்னைக்கு எறங்கிப் பானெட்டத் தொறந்திருந்தா..."

"கிளம்பியிருக்கும்."

அவர் இஞ்சினை அணைத்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வெளியே கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சித்தாய் போய் அதையும் நிறுத்தினாள். ஏதோ ஆறுதலாக ஒரு சொல் சொல்லுவாள் என்று நினைத்தால், அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

"தொடைச்சா போதும்னு உங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி?"

"தெரியும்."

"பெறகு ஏன் எறங்கல?"

அவர் ஸ்டியரிங்கைத் துடைத்தார்.

"மறந்துட்டீங்களா?"

"இல்ல."

"பதறிட்டீங்களா?"

"இல்ல. நெனச்சேன். எறங்கித் தொடைக்கணும்னு அப்பவே நெனச்சேன்."

"பெறகு?"

முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பின்னாலருந்து என் தோளப் பிடிச்சிருந்தா. இறுக்கிப் பிடிச்சிருந்தா. நான் கதவுல கை வச்சேன். 'போகாதீங்க'ன்னா."

பேச்சித்தாய் குனிந்து பின்சீட்டைப் பார்த்தாள்.

"எறங்கல. உக்காந்துக்கிட்டே சாவியத் திருப்பினேன். கிளம்பாதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் திருப்பினேன். நான் ஏதோ பண்ணிக்கிட்டிருக்கேன்னு அவளுக்குத் தெரியணும்ல."

ரோட்டில் ஒரு பஸ் போயிற்று.

"கை எப்ப விட்டுச்சு?" என்று கேட்டாள்.

"பேட்டரி எறங்குன பெறகு."

"அதுவரைக்கும்?"

"பிடிச்சிருந்தா."

"நீங்களும் எறங்கல."

"எறங்கல."

அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கொண்டுவந்த கேள்வி அவரிடம் இருந்ததா, போயிற்றா, தெரியாது.

அவர் அழுதார். சத்தம் இல்லை. அறுபத்து மூன்று வயசு ஆண்பிள்ளை எப்படி அழுவானோ அப்படி, மூக்கைத் துடைத்துத் துடைத்து அழுதார். அவள் பக்கெட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். துணிகளைப் பிழிந்து கயிற்றில் போட்டாள்.

வெளியே ஹாரன் அடித்தது. சந்தனமாரியின் லாரி. கார் நிற்கிற இடத்தில்தான் லாரி ஏற வேண்டும். வழி இல்லை.

"அண்ணாச்சி, வண்டிய எடுங்க. அடுத்த வண்டி வந்துருச்சு," என்றாள் பேச்சித்தாய்.

"எங்க கொண்டுபோக?"

"அரைமணி நேரம் ஓடணும். காயட்டும். எங்க போனா என்ன."

சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு. பின்னால் எடுத்து, வளைத்து, ரோட்டுப் பக்கம் கொண்டுவந்தார். லாரிக்குப் பக்கத்தில் வரும்போது சந்தனமாரி ஜன்னலில் தலையை நீட்டினான்.

"செத்த வண்டின்னு சொன்னாங்க. ஓடுது?"

அவர் கியரை மாற்றினார்.

"ஏ பேச்சி. யாரு இத சரி பண்ணுனது?"

பேச்சித்தாய் ஓஸைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

சந்தனமாரி காருக்குள் குனிந்து பார்த்தான்.

"யாருன்னு கேக்கேன்ல?"

"ஆவுடையப்பன்," என்றார் இன்ஸ்பெக்டர்.